மன்னர் பிடரிக்கு இரண்டு மரக்குமிழ்கள்

வெண்குன்றை நாட்டு மன்னர் வீரபூபதிக்குப் பகைவர் எவரும் இல்லை. தலைவலி ஒன்றுதான் இருந்தது. கொலுவில் அமரும் நாள்களில் அது தவறாமல் வரும். பிடரியில் தொடங்கி, காதுகளுக்குப் பின்னால் ஏறி, நெற்றியைக் கயிறு கட்டி இறுக்குவது போல இறுக்கும்.

அந்நாட்டுக் கொலுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவை கூடியதும் கீர்த்தி வாசகர் மன்னருடைய பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குவார். பட்டத்துக்கு ஒருமுறை முரசு அதிரும். எல்லாம் முடியும்வரை மன்னர் வலக்கையில் செங்கோல் ஏந்தி, இடக்கையை முழங்காலில் ஊன்றி, தலை அசையாமல் வீற்றிருக்க வேண்டும். அசைந்தால் அபசகுனம். முதல் பட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்குவார்கள். முடிசூடிய தலையைப் பிறர் கை தீண்டவும் கூடாது.

கீர்த்தி வாசகர் விருத்தகிரிப் பாவலர், இருக்கும் பட்டங்களை வாசிப்பதோடு நிற்பவர் அல்லர். மன்னர் கிணறு வெட்டினால் ஒரு பட்டம் சேர்ப்பார். அதில் தண்ணீர் வந்தால் இன்னொன்று சேர்ப்பார்.

"தலைவலிக்குக் காரணம் முரசுதான், அரசே," என்றார் அவர். "கம்பையன் அடிக்கும் அடி அப்படி. அவனை நாட்டைவிட்டு அனுப்பினால் நலம் பிறக்கும்."

வலியில் இருந்த மன்னர் ஆராயவில்லை. "அடுத்த கொலுவிலும் வலித்தால் அவன் எல்லையைத் தாண்டட்டும்," என்றார்.

முரசறையும் கம்பையன், அவையின் மதியூகியான கூத்தபிரானிடம் ஓடினான்.

"ஐயா, வீட்டுக்காரி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தக் காட்டுக்குப் போவேன்? மெதுவாக அடித்தால் பாவலர் முறைக்கிறார். ஓங்கி அடித்தால் ராசாவுக்குத் தலை வலிக்கிறதாம்."

"நீ ஓங்கியே அடி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார் கூத்தபிரான். நேரே மன்னரிடம் சென்றார்.

"அரசே, தங்கள் பிடரித் தசை கல்லாக இறுகியிருக்கிறது. அழுத்திப் பிடித்துவிட்டால் இளகும்."

"யார் பிடிப்பது? பிறர் கை படக்கூடாது. கொலுவில் என் கையும் எழக்கூடாது. எவர் கையும் இல்லாமல், கொலுவில் இருக்கும்போதே யார் ஐயா என் பிடரியைப் பிடித்துவிடுவார்?"

"தங்கள் தலையே பிடித்துவிடும்."

மன்னர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தலைவலி எனக்கா, உமக்கா?"

கூத்தபிரான் சிரித்துக்கொண்டே தச்சரைத் தேடிப் போனார். அரியணையின் சாய்மானத்தில் மாட்டும்படி வளைந்த பலகை ஒன்றும், அதில் இரண்டு குமிழ்களும் செய்யச் சொன்னார். தாமே சாய்ந்து பார்த்தார். முதலில் குமிழ்கள் நெருங்கியிருந்து கழுத்தெலும்பைக் குத்தின. விலக்கி வைத்தார்கள். வெறும் மரம் உறுத்தியது. பஞ்சு சுற்றினார்கள், அழுத்தமே போய்விட்டது. பஞ்சை நீக்கி மெல்லிய தோலைப் போர்த்தியபோது பக்குவம் வாய்த்தது.

அளவுதான் மிச்சம். கூத்தபிரானின் கழுத்து முருங்கைக்காயை ஒத்தது. மன்னருடையதோ பூசணி வகை. அதற்கு இணையான கழுத்து நாட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது.

"பாவலரே, தங்கள் கழுத்தளவு தேவைப்படுகிறது. மன்னர் காரியம்."

பாவலர் அதற்குமேல் கேட்கவில்லை. பரிசாகப் பொன்னாரம் வரப்போகிறது என்று தாமே முடிவு செய்துகொண்டார். "பதக்கம் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்," என்று சொல்லி, காட்டிய பலகையில் சாய்ந்தார். "இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், அங்கேதான்." கண்கள் செருகின.

"அளவு எடுத்தாயிற்று. எழுந்திருக்கலாம்."

"அவசரம் என்ன? நிதானமாக எடுங்கள்," என்றார் பாவலர், கண்ணைத் திறக்காமல்.

கொலு நாள் வந்தது. மன்னர் சாய்ந்து அமர்ந்தார். மண்டையின் அடியில், பிடரியின் இருபுறமும் குமிழ்கள் பொருந்தின. தலையைப் பின்னுக்கு ஊன்றினால் அழுத்தம் கூடியது, தளர்த்தினால் குறைந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு எந்த அசைவும் தெரியவில்லை. பட்டங்கள் முழங்கின. கம்பையன் கொல்லைவரை கேட்கும்படி அடித்தான். மன்னரின் முகமோ மலர்ந்தபடியே இருந்தது.

"வலிக்கவில்லை," என்றார் இறுதியில்.

பாவலர் எழுந்தார். "கருவி வலியை அடக்கியிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் இன்னும் இங்கேதான் நிற்கிறது. கம்பையனை அனுப்புவதே முறை."

கம்பையன் கூத்தபிரானைப் பார்த்தான்.

"காரணத்தை இப்போதே பார்த்துவிடலாம்," என்றார் கூத்தபிரான். "அரசே, சாய்மானத்தை விட்டுச் சற்று நிமிர்ந்து அமருங்கள். கம்பையா, அடி."

அவன் அடித்தான். மன்னர் அசையவில்லை. மறுபடி அடித்தான். மன்னரின் கால்விரல் தாளம் போட்டது.

"நல்லது. பாவலரே, இந்தக் கருவியைப் பெற்ற மன்னருக்குப் புதிய பட்டம் ஒன்றும் இல்லையா?"

"இல்லாமலா? அடுக்கடுக்காக வைத்திருக்கிறேன்," என்று பாவலர் தொண்டையைச் செருமினார்.

செருமல் இன்னும் முடியவில்லை. மன்னரின் தலை தானாகவே பின்னுக்குப் போய்க் குமிழ்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டது. அவை முழுவதும் பார்த்தது. மன்னரும் தம் தலை இருக்கும் இடத்தை உணர்ந்தார்.

"நான் ஒன்றும் சொல்லவில்லை, அரசே," என்றார் கூத்தபிரான். "தங்கள் கழுத்து சொல்லிவிட்டது."

"தலை அசைந்துவிட்டது. முதல் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்," என்றார் பாவலர்.

"வேண்டாம்," என்றார் மன்னர், வெகு விரைவாக. "கம்பையன் இங்கேயே இருப்பான். குழந்தைக்கு அரண்மனைப் பசுவின் பால் போகட்டும். பாவலரே, இனிக் கொலுவில் முரசு மட்டும் போதும். பட்டங்களை வீட்டில் வைத்துப் பத்திரமாகப் பாடிக்கொண்டிரும். கூத்தபிரானே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தக் கருவியையே எனக்குத் தந்துவிடுங்கள், அரசே."

"உமக்குத்தான் தலைவலி இல்லையே?"

"இனி வரும், அரசே. பாவலர் எனக்கு அடுத்த வீடு."

மன்னர் தலையைத் தாராளமாக ஆட்டி ஆட்டிச் சிரித்தார்.