நடுவில் நிற்காத குரல்

தூத்துக்குடியில் ஒலிக்கருவிகள் பழுதுபார்க்கும் செல்லக்கனிக்கு முப்பத்தொன்பது வயது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவரிடம் தொழில் கற்கச் சேர்ந்த ஞானதாசுக்கு ஐம்பத்து நான்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானதாஸ் மாஸ்டரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

"புது ஆம்ப்ளிஃபயர் மாட்டினேன் மாஸ்டர். ரெண்டு ஸ்பீக்கரும் பாடுது. ஆனா குரல் மட்டும் நடுவுல நிக்கல. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பாடுற மாதிரி இருக்கு."

"ஹெட்போன் போட்டுக் கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன். அதுல கணீர்னு இருக்கு."

"ஒவ்வொரு பெட்டியா வச்சுப் பாத்தீங்களா?"

"தனியா வச்சா ரெண்டும் தங்கம். சேத்து வச்சாத்தான் உசிரு இல்ல."

சமையலறையிலிருந்து அவர் மனைவி ரோஸ்மலரின் குரல் வந்தது. "இந்த வீட்டுக்கு ஏத்த பெட்டிதான்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "என்ன மதினி?"

"என்கிட்ட ஏன் கேக்கிய? அவங்களையே கேளுங்க."

குவைத்தில் வேலை பார்க்கும் அவர்கள் மகன், இங்கே இருக்க முடியவில்லை, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தான். உடனே கிளம்பி வா என்றார் அம்மா. இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார் அப்பா. இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இப்போது ஒன்பது நாளாக அவன் யார் போனையும் எடுப்பதில்லை. இவர்களும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

"நான் பிள்ளையோட நல்லதுக்குத்தான சொன்னேன்?" என்றார் ஞானதாஸ்.

"அப்ப நான் கெட்டதுக்கா சொன்னேன்னு கேளுங்க மாஸ்டர்."

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர். யார் பக்கம் தப்பு?"

கேட்ட பிறகு, மனைவி பக்கம்தான் என்று மாஸ்டர் சொல்லிவிட்டால் தனக்கு நிம்மதி வருமா என்று ஞானதாசுக்கே தெரியவில்லை.

மாஸ்டர் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தார். ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்ன ஒயர்?"

"பல்புக்குப் போடுறது. வீட்டுல கிடந்துச்சு."

"ரெண்டு இழையும் ஒரே வெள்ளை. அடையாளத்துக்கு ஒரு கோடுகூட இல்லையே. எந்த இழையை எதுல சொருகினீங்க?"

"எப்படிச் சொருகினாலும் கரண்ட் போகும்தானே?"

"பல்புக்குச் சரி. இங்க ரெண்டு பெட்டியிலயும் இழை ஒரே மாதிரி இருக்கணும்." மாஸ்டர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உட்கார்ந்தார். "ரெண்டும் ஒரே குரலைத்தான் பாடுது அண்ணாச்சி. இது காத்தை வெளிய தள்ளும்போது அது உள்ள இழுக்குது. நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் மிஞ்சல."

ஒரு பெட்டியின் இரண்டு இழைகளையும் உருவி, இடம் மாற்றிச் சொருகினார். பாட்டைப் போட்டார்.

பாடுகிறவர் அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. ரோஸ்மலர் ஈரக் கையோடு வந்து கணவரின் பக்கத்தில் நின்றார்.

பாட்டு முடிந்தது.

"அப்ப," என்றார் ஞானதாஸ் மெதுவாக, "தப்பு இந்தப் பெட்டியிலதான் இருந்துச்சா மாஸ்டர்?"

ரோஸ்மலரும் மாஸ்டர் முகத்தையே பார்த்தார்.

"அந்தப் பெட்டியில மாத்தியிருந்தாலும் இதே குரல் வந்திருக்கும் அண்ணாச்சி. எனக்கு இது கைக்குக் கிட்ட இருந்துச்சு."