ஒரே குடும்பத்து ஆலை

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! ஆற்றுத் தண்ணீரே இனித்த காலத்தில், கன்னலூரில் அருளாளர் என்றொரு முதலாளி இருந்தார். கரும்பாலை வைத்திருந்தார். அவருக்குத் தங்கமான மனசு என்று ஊரெல்லாம் பேச்சு. பேசியவர் அவரேதான்.

ஆலையில் மாடுகள் சுற்றும், மர உருளைகள் உருளும், ஆட்கள் கையாலேயே கரும்பை உள்ளே விடுவார்கள். விரல் சிக்காதபடி உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

முதல் அறுவடையில், அங்கே வேலை செய்த சடைச்சி கேட்டாள். "ஐயா, பலகை ஒண்ணு போட்டுக் குடுங்க."

"அடடே! நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ளே சட்டம் பேசலாமா?" என்று அருளாளர் உருகினார்.

இரண்டாம் அறுவடையில் கேட்டாள். "ஒரே குடும்பம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் அறுவடையில் கேட்டாள். ஒரே குடும்பம்தானாம், ஆனால் தச்சர்தான் கிடைக்கவில்லையாம்.

அந்த வாரமே அவள் வலக்கை விரல்கள் இரண்டை உருளை நசுக்கிவிட்டது. பாவம், அவள் அலறிய அலறலில் மாடுகளே நின்றுவிட்டன. அருளாளர் ஓடோடி வந்தார், சாற்றில் ரத்தம் பட்டதா என்று பார்க்க! "இனி இந்தப் பக்கம் வராதே" என்று அவளை அனுப்பியும் விட்டார். வைத்தியம் கிடையாது, கஞ்சி கிடையாது. நல்ல குடும்பம்!

கட்டுப்போட்ட கையோடு சடைச்சி அரசி உமையாளின் மன்றத்தில் போய் நின்றாள். அருளாளரை வரவழைத்தார்கள். அவருக்குத் துளியும் பயமில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவருக்கு வாய் காதுவரை இருந்தது.

"தாயே, இவள் என் கூலியாளே இல்லை. ஆலையில் இருப்பவர்கள் எல்லோரும் என் குடும்பம். அன்பினால் வந்து கரும்பு விடுகிறார்கள். கூலிச் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?"

அரசி நெகிழ்ந்துபோனவள் போலத் தலையாட்டினாள். "அப்படியா! குடும்பம் என்றால் சொத்தில் பங்கு உண்டே. வீட்டில் ஆளுக்கொரு பங்கு, வயலில் ஆளுக்கொரு பங்கு, ஆலையில் ஆளுக்கொரு பங்கு. இன்றே பிரித்துக் கொடும்."

அருளாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ! இவர்கள் யாரோ, நான் யாரோ! வெறும் கூலிகள் தாயே, கூலிகள்!"

"அப்படி வாரும் வழிக்கு," என்றாள் அரசி. "கூலியாள் என்றால் சட்டம் உண்டு. கை ஆறும்வரை வைத்தியமும் சோறும் உம் பொறுப்பு. ஆறியபின் அவள் வேலை அவளுக்கே. போன விரல்களுக்கு ஈடாக உம் வயலில் ஒரு துண்டு. உமக்குத் தண்டனை, பலகை போடும்வரை நீரே உருளையில் கரும்பு விட வேண்டும்."

மறுநாள் அருளாளர் முதல் கரும்பை நீட்டினார். உருளை கறகறவென்று இழுத்தது. அவர் பாதிக் கரும்பிலேயே கையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த சடைச்சி சொன்னாள்: "நல்லா உள்ளே தள்ளுங்கய்யா. நம்ம குடும்பத்து ஆலைதானே, கடிக்காது!"

மூன்று அறுவடையாகக் கிடைக்காத தச்சர், வெயில் ஏறுமுன் வந்து பலகையை அடித்துவிட்டுப் போனார்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: வாய் இனிக்க உறவு கொண்டாடினாலும், உழைப்பவரின் உரிமையை மறுத்தவர் அதற்கு ஈடும் கொடுக்க வேண்டும், தண்டனையும் பெற வேண்டும்.