ரப்பர் இறால்

“இந்தத் தூண்டிலை நீயே வச்சுக்க, தாயி. இனி எனக்கு எதுக்கு?”

வியாகுலம் தூண்டில் கோலை ஜெனோவாவின் படகுக்குள் வைத்தார்.

ஜெனோவா கழிமுகத்தில் கொடுவா மீன் பிடிப்பவள். உயிர் இரை போடமாட்டாள். மரத்தில் செய்த மீன், தகரத்தில் செய்த மீன் என்று பொய் இரைகளை வீசித்தான் பிடிப்பாள். அதைப் பழக வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவளிடம் முதலில் வந்து பழகியவர் வியாகுலம். அவளைவிட ரொம்ப மூத்தவர்.

போன வருஷம் அவருடைய வலது கையில் நடுக்கம் வந்தது. மருந்தில் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதை விட்டார். கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்துக்கொண்டே நடந்தார்.

“வீசிப் பார்த்தீங்களாண்ணே?”

“பார்த்தேன். என் மர மீனை வெட்டி வெட்டி இழுக்கணும். நிறுத்துற இடத்துல நிறுத்தணும். இந்தக் கை நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்கு.”

ஜெனோவா தன் டப்பாவைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று ஒரு ரப்பர் இறாலை எடுத்தாள்.

“இதைப் போடுங்க.”

“இது என்னது?”

“புதுசு.”

“பழகினதே எனக்கு வர மாட்டேங்கு. இதை வச்சு நான் என்ன செய்ய?”

“ஏறுங்க.”

அவர் ஏறினார்.

அலையாத்தி வேர்கள் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் படகை நிறுத்தினாள். இறாலை அவளே தூண்டில் நரம்பில் கட்டிக் கொடுத்தாள்.

அவர் இடது கையால் வீசினார். இறால் கிட்டத்திலேயே விழுந்து மூழ்கியது.

இருவரும் காத்திருந்தார்கள்.

“செத்த மாதிரி கிடக்கு.”

“ஆமா.”

“இழுக்கவா?”

“வேண்டாம். கையை மாத்துங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவர் வலது கையைச் சுற்றியிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விளையாடாதே, தாயி.”

“விளையாடல.”

அவர் துண்டை அவிழ்த்து, வலது கையில் கோலைப் பிடித்தார்.

கோலின் நுனி நடுங்கியது. நரம்பும் நடுங்கியது. நரம்பு தண்ணீரைத் தொட்ட இடத்தில் சின்னச் சின்ன வளையங்கள் கிளம்பின.

அவர் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார்.

அவள் அந்த இடது கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. கீழே இறால் உயிருள்ளதுபோலத் துடித்தது.

நரம்பு விண்ணென்று இறுகியது.

கொடுவா தண்ணீரை உடைத்துக்கொண்டு மேலே வந்தது. வாயைத் திறந்து தலையை உதறியது. வேர்ப்பக்கம் ஓடப் பார்த்தது. வியாகுலம் எழுந்து நின்றுவிட்டார். எந்தக் கை இழுக்கிறது, எந்தக் கை சுற்றுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. மீன் களைத்துப் பக்கத்தில் வந்ததும் ஜெனோவா வலையைப் போட்டுத் தூக்கினாள்.

படகில் வெள்ளியாக, ஒரு முழத்துக்கு மேல் கிடந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் வலது கையை வைத்தார். கை நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

“சோறு சிந்தும்போதெல்லாம் இந்தக் கையைத் திட்டினேன், தாயி. வெட்டிப் போடலாம்னுகூட நினைச்சேன்.”

ஜெனோவா மீன் வாயிலிருந்து இறாலைக் கழற்றினாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கையால் வலது கையை எடுத்து, சின்னப் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்காகவா இந்த இறாலை வாங்கி வச்சே?”

“இல்லண்ணே. எனக்குத்தான் வாங்கினேன். எப்படிப் போட்டாலும் ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கல.”

“நீ போட்டுமா?”

“நான் போட்டும்தான்.”

“உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல?”

அவள் தன் தூண்டிலிலும் ஒரு ரப்பர் இறாலைக் கட்டினாள். அவர் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

“கத்துக்கொடுங்க,” என்றாள்.