ஐம்பத்தெட்டு திருத்தங்கள்

எஸ்தருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் தொழில் கற்க வந்த சங்கரலிங்கத்துக்கு ஐம்பத்தாறு.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் எஸ்தர் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வந்தார். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சங்கரலிங்கம் ஆறு மாதமாக அங்கே வருகிறார். அவர் எஸ்தரை டீச்சர் என்பார். எஸ்தர் அவரை அண்ணாச்சி என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் அது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அதில் கூச்சமே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் பகவதி தன் கம்ப்யூட்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்துத் தெரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீஸ்களும் டைப் அடிக்கிறவர்.

“ஃபைல் தானா காணாமப் போகுது மேடம். வாரத்துக்கு ரெண்டாவது போயிருது. வைரஸா இருக்குமோ?”

“முதலாளிக்குத் தெரியுமா?”

“தெரியும். திங்கக்கிழமை வந்து பாக்கேன்னு சொல்லிட்டாரு. அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆள் வச்சுக்கிடுவாராம். பதினெட்டு வருசமா இருக்கேன் அங்க.”

அழாமல்தான் சொன்னார். அழுதிருந்தால்கூட சங்கரலிங்கத்துக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“இதை நானே பாக்கட்டுமா டீச்சர்?” என்று கேட்டார்.

எஸ்தர் சரி என்றார்.

சங்கரலிங்கம் முதலில் வைரஸ் தேடினார். ஒன்றும் இல்லை. அடுத்து, அந்த மாதம்தான் பழகியிருந்த ஒரு மென்பொருளைப் போட்டார். கம்ப்யூட்டர் நடந்துகொள்ளும் விதத்தை நம் வசதிக்கு மாற்றித் தருகிற மென்பொருள் அது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள். டிக் போட்டால் ஒன்று மாறும், டிக்கை எடுத்தால் இன்னொன்று மாறும். மில்லில் ஒரு நட்டு லூசாக இருந்தாலே சாப்பாடு இறங்காத மனிதர் அவர். கையில் இப்படி ஒன்று கிடைத்தால் விடுவாரா?

ஆடி அசைந்து திறந்த ஜன்னல்கள் இனி பட்டென்று திறக்கும்படி செய்தார். மெனு வரத் தயங்குவதை நிறுத்தினார். பெரிது பெரிதாகப் பரந்து கிடந்த ஃபைல்களையும் ஃபோல்டர்களையும் சின்னதாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கி அடுக்கினார். செய்ததையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். மொத்தம் ஐம்பத்தெட்டு திருத்தங்கள்.

சாயங்காலம் எஸ்தர் வந்து பார்த்தார்.

“அழகா இருக்கு அண்ணாச்சி.”

அன்றைக்கே கம்ப்யூட்டர் அச்சகத்துக்குத் திரும்பிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மதியம் பகவதி போன் செய்தார். காலையிலிருந்து மூன்று ஃபைல்களைக் காணோம். அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. பெண்ணின் அப்பா எதிரிலேயே நிற்கிறார். எங்கே தேட வேண்டும் என்று எஸ்தர் சொல்லச் சொல்ல, பகவதி தேடினார். கல்யாணப் பத்திரிகை கண்ணீர் அஞ்சலி ஃபோல்டருக்குள் கிடந்தது. பெண்ணின் அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். பிறகு அங்கே நடந்ததைச் சொல்லவா வேண்டும்?

சங்கரலிங்கம் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“டீச்சர், இந்த அம்பத்தெட்டுல எது தப்பு?”

“ஒண்ணும் தப்பில்ல அண்ணாச்சி. அம்பத்தெட்டும் உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.”

அது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது.

“இப்ப நான் என்ன செய்ய?”

“நாளைக்கு அங்க போயி அவங்க பக்கத்துல உக்காருங்க. சிஸ்டத்தைத் தொடக் கூடாது. ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே இருக்கவும் வேண்டாம்.”

“பின்ன எதைப் பாக்க?”

“கையை.”

சனிக்கிழமை அச்சகத்தில் ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். மிஷின் பக்கத்தில் சும்மா இருப்பது அவருக்குப் பெரிய தண்டனை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் பகவதி மவுஸையே தொடவில்லை. டீ குடித்தார், காகிதங்களை அடுக்கினார், பேரப்பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். வேலை குவிந்த பிறகு வேறு வழியில்லாமல் மவுஸைப் பிடித்தார்.

வலது கை நடுங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. தேடிப் பார்த்தால்தான் தெரியும். பட்டனை அமுக்கிய விரல் மேலே வருவதற்குள் கை லேசாக நகர்ந்துவிடும். திரையில் அம்புக்குறிக்கு அடியில் இருந்த ஃபைலும் கூடவே நகர்ந்து, அடுத்த வரியில் இருந்த ஃபோல்டருக்குள் விழுந்துவிடும். விழுந்தது பகவதிக்கே தெரியவில்லை.

நெருக்கி அடுக்கிக் கொடுத்தது யார்? சங்கரலிங்கத்துக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது முதலாளி அந்தப் பக்கம் வந்தார். பகவதி கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார். அவர் போன பிறகுதான் வெளியே எடுத்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“ஒரு வருசமாச்சு. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்.” பகவதி குரலைத் தாழ்த்தினார். “அண்ணாச்சி, முதலாளிகிட்ட சொல்லிராதீங்க.”

“என் வாயில இருந்து வராது தாயி.”

மாலையில் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எஸ்தர் கேட்டுக்கொண்டே தன் கடைக் கம்ப்யூட்டரில் அதே மென்பொருளைத் திறந்தார்.

“முதல்ல நீங்க மாத்துனதைப் பழையபடி ஆக்கணும்.”

“அம்பத்தெட்டையுமா?”

“அம்பத்தெட்டையும்.”

எஸ்தர் ஒரு பக்கத்தைக் காட்டினார். அவசரத்தில் சங்கரலிங்கம் தாண்டிப் போயிருந்த பக்கம். அதில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் நான்கு என்று ஓர் எண்.

“இது என்னது டீச்சர்?”

“பட்டனை அமுக்கினப்புறம் ஸ்கிரீன்ல அம்புக்குறி இத்தனை புள்ளி நகந்துச்சுன்னா, ஃபைலை இழுக்காங்கன்னு சிஸ்டம் முடிவு பண்ணிரும். அதுக்குள்ளன்னா கண்டுக்கிடாது.”

“வெறும் நாலு புள்ளியா?”

“நடுங்காத கைக்கு நாலு போதும்ல?”

சங்கரலிங்கம் மவுஸைப் பிடித்தார். காலையில் பார்த்த கையை நினைத்துக்கொண்டு, அதே மாதிரி தன் கையை நடுங்க விட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடியும் செய்தார். பத்துப் பதினைந்து தடவை செய்த பிறகு அந்த நடுக்கம் அவர் கைக்கும் வந்தது. அதை அளந்தார்.

“பன்னெண்டு புள்ளி டீச்சர். பதிமூணு வச்சா கச்சிதமா இருக்கும்.” கட்டத்தில் பதிமூன்று என்று அடித்தார்.

முப்பது வருடம் மில்லில் அளந்த கை அது. கணக்கில் பிசகு இருக்காது.

“நீங்க பக்கத்துல இருக்கும்போது பன்னெண்டு,” என்றார் எஸ்தர். “முதலாளி பின்னால வந்து நிக்கும்போது?”

சங்கரலிங்கம் பதிமூன்றை அழித்துவிட்டு முப்பது என்று அடித்தார்.

திங்கட்கிழமை காலை இருவரும் அச்சகத்துக்குப் போனார்கள். ஐம்பத்தெட்டு திருத்தங்களையும் சங்கரலிங்கமே நீக்கினார். அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினார்.

“இவ்வளவுதானா?” என்றார் பகவதி. நம்பிக்கை இல்லாத குரல்.

முதலாளி வந்தார். நேராக வந்து பகவதியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடும்மா, பாப்போம்.”

கை நடுங்கியது. சனிக்கிழமை பார்த்ததைவிட அதிகம். முதலாளியின் கண் திரையில் இருந்தது, சங்கரலிங்கத்தின் கண் கையில் இருந்தது. பகவதி பட்டனை அமுக்கினார். ஃபைல் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முறை அமுக்கினார். பத்திரிகை திறந்தது.

மூடச் சொன்னார் முதலாளி. வேறொன்றை எடுக்கச் சொன்னார். பிறகு இன்னொன்று. ஏழெட்டு ஃபைல்கள் ஆயிற்று. எதுவும் இடம் மாறவில்லை. பகவதி தன் கையையே பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்ததுபோலத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி எஸ்தர் பக்கம் திரும்பினார்.

“எதுல மேடம் கோளாறு? வைரஸா, இல்ல இந்தம்மாவோட கவனக்குறைவா?”

பகவதியின் கை மடிக்குப் போயிற்று. சங்கரலிங்கம் தரையைப் பார்த்தார்.

“ரெண்டும் இல்ல சார்,” என்றார் எஸ்தர். “சிஸ்டத்துக்குப் பொறுமை பத்தாம இருந்தது. கொஞ்சம் கூட்டி வச்சிருக்கோம்.”