தொட்டிலில் முதலில் படுத்தது

முன்னொரு காலத்திலே, மேகங்கள் ஓட்டின்மேல் உட்கார்ந்து இளைப்பாறிப் போன காலத்திலே, ஆம்பல்புரி என்றொரு நாடு இருந்தது. எல்லாம் விளைந்த அந்த நாட்டில் ஒரு பயமும் விளைந்தது. பிறந்த குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே காணாமல் போயின. கதவு சாத்தியபடி இருக்கும், தொட்டில் தொங்கியபடி இருக்கும், குழந்தை இருக்காது. இப்படி ஆறு குழந்தைகள் போய்விட்டன. காற்றுக் கருப்பின் வேலை என்று ஊர் அழுதது.

அந்த நேரத்தில்தான் ஓடக்காரன் மாரப்பனுக்கும் அவன் மனைவி உடையாளுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து ஒரு பெண் பிறந்தது. உடையாள் இயல்பிலேயே யாரையும் எளிதில் நம்பாதவள். பிள்ளை பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். பார்க்க வந்தவர்களைக் கால் கழுவச் சொல்வாள், கை கழுவச் சொல்வாள், வியர்வை அடங்கும்வரை வாசலில் உட்காரச் சொல்வாள். தன் நிழலையே யார் நீ என்று கேட்பாள் இவள் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, சிரிக்கிறவர்களா வந்து பிள்ளையைக் காப்பார்கள்?

ஒரு நாள் காலை கிழவன் ஒருவன் தலையில் தொட்டிலோடு வந்தான். பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தொட்டில் கொடுப்பது தன் வேண்டுதல் என்றும், காசு வேண்டாம் என்றும் சொன்னான். தொட்டில் முழுக்கப் பொன்பூச்சு. அதில் செதுக்கிய கிளிகள் இறக்கையை அசைத்தன. மாரப்பன் வாயைப் பிளந்து நின்றான். ஓடத்தில் ஏறுகிற அத்தனை பேரையும் நம்பியே பழகியவன் அவன்.

உடையாள் மூன்று கேள்வி கேட்டாள். எந்த ஊர் என்றாள். கிழவன் பொத்தாம்பொதுவாக வடக்கே கைகாட்டினான். என்ன மரம் என்றாள். நல்ல மரம் என்றான். மூன்றாவதாக, "எங்க வழக்கப்படி முதல்ல அம்மிக்குழவியக் குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டு ஆட்டுவோம். அப்புறந்தான் பிள்ளை. கல்லோட கனம் தாங்குமா?" என்றாள்.

கிழவன் முகம் சுருங்கியது. "கல்ல மட்டும் போட்டுறாத தாயி. பூச்சு கீறிப் போகும். நேரா பிள்ளையவே போடு."

அவன் போனதும் மாரப்பன் மனைவியைக் கடிந்துகொண்டான். அந்த ஆறு வீட்டுக்காரர்களும் இவனிடம் இதே மாதிரித் தொட்டிலை வாங்கினார்கள், அழகு கெட்டுவிடும் என்று அவர்களும் கல் போடவில்லை, இவளுக்கு மட்டும் என்ன சந்தேகம் என்றான்.

"சோழியன் குடுமி சும்மா ஆடுமாங்க? அந்த ஆறு பிள்ளையும் இப்ப எங்க?"

மாரப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, தொட்டிலை எரித்துவிடலாம் என்றான். எரித்தால் நம் பிள்ளை பிழைக்கும், போன பிள்ளைகள் எப்படித் திரும்பும் என்று கேட்டாள் உடையாள்.

மகளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். குழவிக்கல்லைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தொட்டிலில் கிடத்தி மூன்று தரம் ஆட்டினாள். துணி மெல்ல ஏறி இறங்கியது. தொட்டிலின் மாயத்தில் கல் மூச்சு விட்டது! இருவரும் நெற்குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள்.

உச்சி வேளையில் கூரை இடுக்கு வழியே புகை இறங்கியது. புகை கிழவனாக நின்றது. அவன்தான் மந்திரவாதி தூமகேது. தொட்டிலில் கிடந்ததை வாரி எடுத்து, "என் கையில் ஏறியதே, என்னை அப்பா என்று சொல்" என்றான். அந்த மந்திரத்துக்குப் பச்சைப் பிள்ளையும் வாய் திறக்கும்; சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை என்றைக்கும் அவனுக்கு அடிமை. கல் சொல்லுமா? கனத்தது. மறுபடி கேட்டான், முழங்கால்வரை தரையில் புதைந்தான். மூன்றாம் தரம் கேட்டான், இடுப்புவரை புதைந்தான். கல்லைக் கீழே போடவும் முடியவில்லை. பேசாத எதையும் அவன் மந்திரம் கையைவிட்டு இறக்க விடாது.

உடையாள் வெளியே வந்து பிள்ளைகளைக் கேட்டாள். அவன் வாய்க்குள் முணுமுணுத்தான். ஆறு குழந்தைகள் பாயில் கிடந்து சிரித்தன. மாரப்பன் ஆனந்தத்தில் ஓடினான். உடையாள் குனிந்து உச்சந்தலைகளை முகர்ந்து பார்த்தாள். பால் வாசனை இல்லை. "இது பிள்ளையில்ல. கொண்டா" என்றாள். மறுபடி ஆறு வந்தன. முகர்ந்தாள், புகை நாறியது. "இதுவும் இல்ல. கொண்டா."

பொய்க்குப் பொய் இன்னும் இறங்கிக் கழுத்துவரை புதைந்த தூமகேதுவுக்கு வேறு வழியில்லை. கட்டவிழ்க்கும் மந்திரத்தை வாய்விட்டுச் சொன்னான். சொன்ன வாயிலேயே அவன் சக்தி அத்தனையும் போயிற்று. புகையாகி, நூலாகி, இல்லாமலே போனான். கல் தொப்பென்று விழுந்தது. பாயில் ஆறு குழந்தைகள் வீறிட்டு அழுதன.

முகர வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்தப் பசி அழுகையைக் கேட்டதும் உடையாளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. தாய்மார்களை அழைத்துவர மாரப்பன் ஓடத்தை எடுத்துக்கொண்டு பறந்தான். உடையாள் பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக மடியில் போட்டுப் பசியாற்றினாள். ஆறும் குடித்து அடங்கிய பிறகே, கண்ணீரும் சிரிப்புமாகத் தன் மகளை அணைத்தாள்.

தாய்மார்கள் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஏழு குழந்தைகளும் அவளைச் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தன. "மெதுவா வாங்க, இப்பத்தான் கண்ணசந்துச்சுக" என்றாள் உடையாள்.

அந்த ஏழு வீட்டிலும் பால் பொங்கியது. கதை கேட்ட உங்கள் வீட்டிலும் பொங்கட்டும்.