வடிவின் கால்

உப்பளங்களுக்கு நடுவே வடலிக்கரை என்று ஓர் ஊர். ஊர் முடிந்து பாத்திகள் தொடங்கும் இடத்தில் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தி வந்த துறவிக்கு நாற்பத்து மூன்று வயது. எல்லோரும் அவளை அம்மை என்றார்கள்.

அவளுடைய சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின், உடம்பு நிறையச் சர்க்கரையும் யாரிடமும் பேசப் பிடிக்காத மனசுமாக மடத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டே வருடத்தில் ஆள் மாறிவிட்டார். வேளைக்கு எழுந்தார், நடந்தார், அளந்து சாப்பிட்டார். சர்க்கரை அடங்கியது. சீடரான பிறகும் அம்மை அவரை ‘சார்’ என்றே கூப்பிட்டாள்.

தனக்குக் கிடைத்தது ஊருக்கும் கிடைக்கட்டும் என்று சாயங்கால நடை ஒன்றை அவர் ஆரம்பித்தார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள அளத்துக்காரர்கள் பதினோரு பேர் வந்தார்கள். கரைமேட்டில் வரிசையாக நடப்பார்கள். சார் விசில் ஊதுவார். மாதம் ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். குறைந்தவர்களைத் தட்டிக்கொடுப்பார். ஏறியவர்களுக்குத் திட்டு விழும்.

பதினோரு பேரில் ஒரு நாளும் தவறாமல் வந்தவள் வடிவு. உப்பு வாருகிறவள். புருஷன் இல்லை. டீயில் சர்க்கரையை விட்டாள். சோற்றைக் குறைத்துக் கம்பங்கூழுக்கு மாறினாள். ஆனாலும் மாதா மாதம் அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. அந்த மாதம் முந்நூற்று எண்பது.

சார் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்ன தின்ன?”

“கூழுதான் சார்.”

“பொய் சொல்லாத. மெஷின் பொய் சொல்லாது.”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அவள் நடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சாருக்குக் கோபம் ஆறவில்லை. அம்மையிடம் போய் நின்றார்.

“ஒழுங்கா இருக்கிறவங்களுக்கு நோய் ஏறுமா, அம்மை?”

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“நீங்க மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?”

“சாப்பிடுறேன்.”

“யாரு வாங்கித் தர்றா?”

“மகன் மாசம் பொறந்ததும் அனுப்பிடுவான்.”

“வடிவுக்கு யாரு வாங்கித் தர்றா?”

சாருக்குத் தெரியவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டு வாங்க” என்றாள் அம்மை.

வடிவு வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது பாதத்தில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. சாரைப் பார்த்ததும் காலை இழுத்துப் பாவாடைக்குள் மறைத்தாள்.

“மாத்திரை யாரு வாங்கித் தர்றா உனக்கு?”

“மாத்திரை நின்னு ஒம்பது மாசம் ஆச்சு சார்.”

“ஏன்?”

“சுகர் மாத்திரை ஆஸ்பத்திரியில செவ்வாக்கிழமை காலையிலதான் குடுப்பாங்க. ஆள் நேர்ல போகணும், ரத்தம் எடுக்கணும். அளத்துல செவ்வாக்கிழமை வரலேன்னா, புதன்கிழமை நம்ம பாத்தியில வேற ஆள் நிக்கும். போன வருசம் அப்படித்தான் ரெண்டு மாசம் வேலையில்லாம கெடந்தேன்.”

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே சார். என்ன தின்னேன்னுதான கேட்டீங்க.”

சார் துணியை அவிழ்க்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவிழ்த்தாள். சின்ன விரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. நாற்றம் அடித்தது.

“வலிக்கலியா?”

“வலிச்சா தெரிஞ்சிருக்குமே சார். உப்புத்தண்ணியில நிக்கிற காலுதான, ஆறிடும்னு நெனச்சேன்.”

சார் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

“இதுதான் அம்மை காரணம். மாத்திரை இல்லாததுதான் காரணம்.”

“உங்களுக்குக் காரணம் கிடைச்சிருச்சு” என்றாள் அம்மை. “அவ காலுக்கு என்ன கிடைச்சுது?”

அன்று திங்கட்கிழமை. சார் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அளத்துக் கங்காணி வீட்டுக்குப் போனார்.

“நாளைக்கு வடிவு வரமாட்டா. அவ பாத்தியில நான் நிக்கிறேன்.”

கங்காணி சிரித்தான். “சார், இது கிரவுண்டு இல்ல.”

“நான் நின்னா அவ இடம் அவளுக்கு இருக்குமா, இருக்காதா?”

“உப்பு வந்தா சரி. யாரு வாருனா எனக்கென்ன?”

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில் அம்மை வடிவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். சார் பாத்தியில் இறங்கினார்.

வாருபலகையை இழுத்த முதல் அரைமணியிலேயே உள்ளங்கை கொப்பளித்தது. கொப்பளம் உடைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டு உயிர் போனது. வெயில் ஏறியதும் பாத்தி முழுக்கக் கண்ணாடி மாதிரி மின்னியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. எட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது, ஒரு கூரை கிடையாது. தவறாமல் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் அவர். எட்டு மணி எப்போது போனதென்றே தெரியவில்லை. கை நடுங்கி, கால் பின்னியது. பக்கத்துப் பாத்தியில் இருந்த செல்லக்கனி, அவளும் சாயங்கால நடைக்கு வருகிறவள்தான், ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். தன் தூக்குவாளியிலிருந்து கூழை ஊற்றிக் கொடுத்தாள்.

உயிர் வந்ததும் சார் தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“குடிம்மா. தண்ணி நிறையக் குடிக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“குடிச்சா எங்க போயி ஒதுங்க சார்? நீங்க ஆம்பள, கரைக்கு அந்தப் பக்கம் போயிருவீங்க. நாங்க வேலை முடியிற வரைக்கும் தொண்டையை நனைக்கிறதோட சரி.”

சார் பாட்டிலைக் கீழே வைத்தார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று தான் விசில் ஊதிச் சொன்னதும், செல்லக்கனி சரி சார் என்று தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. வேலை முடியும்வரை அவர் பாத்தியை விட்டு ஏறவில்லை.

சாயங்காலம் அம்மை தனியாகத் திரும்பினாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அவ தங்கச்சி கூட இருக்கா. ரெண்டு விரலை எடுக்கணுமாம். இன்னும் பத்து நாள் போயிருந்தா பாதத்தையே எடுத்திருக்கணும்னாரு டாக்டர்.”

சாரின் கண் கலங்கியது. கொப்பளித்த கையால் துடைத்தார். கண் இன்னும் அதிகமாக எரிந்தது.

“எல்லார் முன்னாலயும் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன். எனக்கு ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்க அம்மை. எத்தனை நாள்னாலும் பட்டினி கிடக்கிறேன்.”

“நீங்க பட்டினி கிடந்தா உங்க மனசு ஆறும். மீதிப் பத்துப் பேருல எத்தனை பேருக்கு மாத்திரை இருக்கு?”

அதுவும் சாருக்குத் தெரியவில்லை.

மறுநாள் நடைக்கு வந்தவர்களை அவர் நடக்கச் சொல்லவில்லை. கரைமேட்டில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். நான்கு பேருக்கு மாத்திரை அடியோடு இல்லை. மூன்று பேர், இருப்பதை இழுத்துப்பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்கு ஒரு கண் மங்கி வருடமாகிறது, காட்டியதே இல்லை. பத்துப் பேரில் ஒருவருடைய காலைக்கூட யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. விசாரித்தது வெளியே பரவி, நடைக்கு வராதவர்களும் வந்து பெயர் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு பெயர் சேர்ந்தது.

அந்தக் காகிதத்தோடு சார் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் வாரம் டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் வாரம் பார்க்க முடிந்தது. இருபத்தெட்டு ஊருக்கு அவர் ஒருவர்தான். களைத்த முகம்.

“செவ்வாய்க்கிழமை வரச்சொல்லுங்க சார். பார்க்கமாட்டேன்னு சொல்லலியே.”

“செவ்வாய்க்கிழமை வந்தா இவங்களுக்கு வேலை போயிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல பாருங்க.”

“அது என் கையில இல்ல. மேல எழுதிக் கேக்கணும்.”

சார் எழுதினார். முப்பத்து நான்கு பேரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி அனுப்பினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாளை வாருங்கள் என்றார்கள். மறுநாளும் போனார். மூன்றாம் நாள், இந்த மனிதர் எழுந்து போகமாட்டார் என்று அங்கிருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, நர்சம்மா மாத்திரைப் பெட்டியோடு வடலிக்கரைக்கே வருவார். உட்கார ஓர் இடம் வேண்டும், வரிசையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அம்மை மடத்துக் கூடத்தைத் திறந்துவிட்டாள். சார் வாசலில் மேஜை போட்டு, பெயர் எழுத நோட்டோடு உட்கார்ந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை வடிவும் வந்தாள். காலில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கனமான செருப்பு. நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. சார் எழுந்து நின்றார்.

“வடிவு, அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றார், எல்லார் காதிலும் விழும்படி.

“விடுங்க சார்” என்றாள் அவள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, “துணியை அவுருங்கடி, காலைக் காட்டுங்க. வெக்கப்பட்டா நடக்காது. வெக்கப்பட்டதுக்கு ரெண்டு விரலைக் குடுத்திருக்கேன்” என்று அதட்டினாள். ஒவ்வொருத்தியாகக் காலை நீட்டினார்கள்.

வரிசை நகர்ந்தது. கடைசியில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிற சூசையப்பன் வந்து நின்றார். வாயில் பீடி நாற்றம். சாயங்கால நடையைப் பார்த்து, பெரியவர்களுக்கெல்லாம் இப்போது பள்ளிக்கூடமா என்று டீக்கடையில் உட்கார்ந்து கேலி பேசுகிறவர். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வேண்டும் என்றார்.

சாரின் பேனா நின்றுவிட்டது.

“பீடியை விட்டாச்சா?”

“இல்ல.”

“நடக்கிறீரா?”

“இல்ல.”

சார் திரும்பி அம்மையைப் பார்த்தார். அவள் கூடத்து மூலையில் நர்சம்மாவுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மை, இவரு ஒண்ணையும் விடலை. ஒரு நாள்கூட நடந்ததில்ல. இவரு பேரையும் எழுதவா?”

அம்மை செம்பைக் கீழே வைத்தாள்.

“எழுதுங்க சார். நடக்கிறதுக்கு முதல்ல ஆள் இருக்கணும்ல.”