பாட்டனார் மூக்கின் எடை

கருவேலங்கோட்டை ராஜா பொம்மண்ணருக்கு மூக்கு பெரிது. அவர் அப்பாவுக்கும் பெரிது. பாட்டனாருக்கு அதைவிடப் பெரிது. வம்சத்து வீரத்தின் அடையாளம் என்று அதைச் சொல்லிக்கொண்டார்கள். வேறு அடையாளம் அகப்படவில்லை போலும்.

பாட்டனார் தம் முகத்தைப் போட்டு நாற்பது பொற்காசு அடித்து வைத்தார். நாற்பதுதான். அதற்குமேல் பொன் இல்லை. காசுகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சாவி பொக்கிஷதாரர் சூரப்பரிடம் இருந்தது. முப்பது வருஷமாக யாரும் கேட்கவில்லை.

பாட்டனார் திதி வந்தது. காசுகளைச் சபையில் வைத்துக் கும்பிட வேண்டும் என்றார் ராஜா. சூரப்பர் வெள்ளித் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

ராஜா ஒன்றை எடுத்தார். முகத்தில் மூக்கு இல்லை. இன்னொன்றை எடுத்தார். இல்லை. நாற்பதிலும் இல்லை.

"யாரய்யா என் பாட்டனாரை மூக்கறுத்தது?"

"யாரும் அறுக்கவில்லை, மகாராஜா. பிறவியிலேயே இல்லை," என்றார் சூரப்பர். பதில் தயாராக இருந்தது. "அச்சில் பிழை. அடித்தது நம் அக்கசாலைப் பத்தரின் தாத்தா."

அக்கசாலை என்றால் காசு அடிக்கும் கூடம்.

"அந்தத் தாத்தா எங்கே?"

"செத்து ரொம்ப நாளாயிற்று."

"பேரன்?"

"இதோ நிற்கிறார்."

"அப்படியானால் பேரன் மூக்கை அறுங்கள். நிலத்துக்கு வாரிசு உண்டு, குற்றத்துக்கு இல்லையா?"

ஏகாம்பரப் பத்தர் தடாலென்று காலில் விழுந்தார். "சாமி! எங்க தாத்தா அச்சு வெட்டினா மூக்குக்குள்ள இருக்கிற மயிர்கூடத் தெரியும் சாமி!"

அது ராஜாவைச் சமாதானப்படுத்தவில்லை. வாள்காரன் முன்னால் வந்தான்.

சபை விகடன் தாண்டவன் தொண்டையைக் கனைத்தான். ராஜாவைச் சிரிக்கவைக்க அவனுக்குச் சம்பளம். அன்று சிரிக்கிற முகம் ஒன்றும் இல்லை.

"அரசே, பொக்கிஷதாரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சந்தேகம். ஐயா, அடிக்கும்போதே காசில் மூக்கு விழவில்லையா?"

"விழவில்லை."

"பிறகு யாரும் கை வைக்கவில்லை?"

"வைக்கவில்லை. எத்தனை தரம் சொல்வது?"

"போதும். கொழுக்கட்டை அச்சில் மாவு சரியாக உட்காராவிட்டால் பூ விழாது. ஆனால் மாவு எங்கேயும் போகாதே? கொழுக்கட்டைக்குள்தானே இருக்கும்? பத்தரே, எழுந்திரும். தராசைக் கொண்டுவாரும்."

தராசு வந்தது. பாட்டனார் காலத்துக் காசு எடைக்கல்லும் வந்தது. பத்தர் ஒரு காசை வைத்து நிறுத்தார்.

"ஒரு நெல்லெடை குறையுது சாமி."

அடுத்தது. ஒரு நெல். அதற்கடுத்தது. இப்படி நாற்பதிலும் ஒரு நெல்.

"பிறவியில் மூக்கில்லாதவன் எடை குறைய மாட்டான், அரசே. அறுபட்டவன்தான் குறைவான்."

"தேய்மானம்!" என்று கத்தினார் சூரப்பர். "பழைய காசு. மூக்கு மேடு. மேடுதானே முதலில் தேயும்?"

ராஜா தலையாட்டினார். நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு பெரிய மேடு.

"பூட்டின பெட்டிக்குள் உட்கார்ந்து யார் தேய்த்தது?" என்றான் தாண்டவன். "சரி, தேய்ந்தது என்றே இருக்கட்டும். கை பட்டுத் தேய்ந்தால் வழவழவென்று இருக்கும். தடவிப் பாருங்கள், அரசே."

ராஜா தடவினார். "கரகரவென்று இருக்கிறதே?"

"அரம் போட்ட தடம். இன்னொன்று. அச்சு ஒன்றுதான். பிழை அதில் இருந்தால் நாற்பதும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும். இந்தக் காசில் மூக்கு மட்டும் இல்லை. இதில் மேலுதடும் இல்லை. இதோ, இதில் பாட்டனாருக்குப் பாதி மீசை."

"மீசையுமா!" ராஜா எழுந்து நின்றுவிட்டார்.

சூரப்பர் விடவில்லை. "அரம் பட்டிருக்கலாம். நான் போட்டேன் என்பதற்கு என்ன சாட்சி?"

தாண்டவனிடம் சாட்சி இல்லை. அதை அவன் காட்டிக்கொள்ளவில்லை. பத்தர் பக்கம் திரும்பினான்.

"பத்தரே, நாற்பது மூக்கு. நாற்பது நெல். எத்தனை குன்றிமணி?"

"நாலு நெல் ஒரு குன்றிமணி. பத்துக் குன்றிமணி ஆச்சு."

"பத்துக் குன்றிமணித் தங்கத்தில் என்ன செய்யலாம்? வளையலா?"

"எங்கே வரும்? ஒரு மூக்குத்தி வரும். நல்ல கெட்டியா..." பத்தர் வாய் அப்படியே நின்றது. "ஐயோ சாமி! போன மாசம் பொக்கிஷதாரர் வீட்டம்மாவுக்கு நான்தானே செஞ்சு குடுத்தேன்! பத்துக் குன்றிமணி! தங்கம் பொடியா வந்துச்சு. என்னங்க இது மாவு மாதிரி இருக்கேன்னு கேட்டேன். 'உன் வேலையைப் பாருடா'ன்னார்!"

சபை முழுக்கச் சூரப்பர் பக்கம் திரும்பியது.

"ஆக, பாட்டனார் மூக்கு இப்போது..." என்றார் ராஜா.

"எங்கேயும் போய்விடவில்லை, அரசே," என்றான் தாண்டவன். "மூக்கில்தான் இருக்கிறது. மூக்குதான் வேறு."

"அறு மூக்கை!"

வாள்காரன் பத்தரைப் பிடித்தான்.

"அவனை இல்லையடா முட்டாளே! இவரை!"

சூரப்பர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எதை அறுப்பது, அரசே?" என்றான் தாண்டவன். "அதுதான் அறுபட்டாயிற்றே. சபையில் இருநூறு பேர் பார்த்தோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாள் உறைக்குள் போனது. சூரப்பருடைய சாவி போனது, வேலை போனது, மூக்குத்தி திரும்பி வந்தது. பத்தர் வீடு போய்ச் சேரும்வரை தம் மூக்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

தாண்டவனுக்குச் சன்மானம் உண்டா? உண்டு. நாற்பதில் ஒரு காசு. தாராளம்தான்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அரசே, ஒரு நெல் குறைகிறதே?"

"சேதாரம்," என்றார் ராஜா.